இருபத்தாறுக்கு அடுத்த பக்கம்

சின்னவளின் வலது கை போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்துக்கு. கதவுக்குக் கீல் அடிக்கிற ஆலை அது. பிரஸ் என்கிற மெஷினில் தகட்டை உள்ளே வைத்துப் பொத்தானை அமுக்கினால் மேலேயிருந்து இரும்புத் தலை இறங்கி ஓர் அடி அடித்துவிட்டு ஏறும். மணிக்கு நானூற்றிருபது அடி. அன்றைக்கு ஒரு தகடு கோணிக்கொண்டது. வலது கை அதைச் சரிசெய்யப் போயிற்று. இடது கை பழக்க தோஷத்தில் பொத்தானை அமுக்கிவிட்டது. முதலில் கத்தல்கூட வரவில்லையாம். தலை ஏறிய பிறகு உள்ளே கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்தப் பீஸ் வேஸ்ட் ஆயிடுச்சு" என்றாளாம். அப்புறம்தான் விழுந்தாள்.

ஓடிவந்து தூக்கியது அண்ணன்தான். அவன் அங்கே ஃபோர்மேன். தங்கைக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவனே. அம்மாவுக்குப் பிறகு அப்பாவும் போனபோது அவனுக்குப் பதினெட்டு வயது, பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவளுக்கு நாலு. இரண்டு பேரையும் அவன் வளர்த்தான். வளர்த்தான் என்றால் சோறு போட்டான், பள்ளிக்கூடம் அனுப்பினான், பெல்ட்டைக் கழற்றி அடித்தான். எல்லாம் சேர்த்துத்தான். சின்னவளுக்கு அவன் அடி நினைவில்லை, தோளில் உட்கார்ந்தது மட்டும் நினைவிருந்தது. பெரியவளுக்கு இரண்டும் நினைவிருந்தது.

ஆஸ்பத்திரியில் சின்னவள் கண்ணைத் திறந்ததும் கட்டில் பக்கத்தில் நின்ற அண்ணன் சொன்னான்: "கண் அசந்துட்டம்மா நீ. ஒரு நிமிஷம்தான். என்ன பண்றது."

அவள் நம்பினாள். அண்ணன் சொல்லி எதைத்தான் அவள் நம்பாமல் இருந்தாள்? அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பெரியவள் வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்ட பிறகும் பகலெல்லாம் சுவரில் சாய்ந்து, இமை கனத்தால் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொள்வாள். தொடையெல்லாம் நீலம். "என்னடி இது" என்று கேட்டால், "தூங்கிட்டா இதுவும் போயிடும்க்கா" என்று இடது கையைக் காட்டுவாள்.

கேட்கிற நமக்கே இப்படியென்றால், கூட இருந்து பார்த்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்.

பெரியவள் டைப்பிஸ்ட். தொழிலாளர் நீதிமன்றத்துக்கு எதிரே, குடை ரிப்பேர் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில், இரண்டு கம்ப்யூட்டரும் ஒரு ஜெராக்ஸும் காகிதம் வெட்டும் மெஷினும் உள்ள கடை. கடைக்காரர் நல்ல மனுஷர், ஆனால் பலத்த காற்று அடித்தால்கூட அதற்கும் மன்னிப்புக் கேட்கிற மனுஷர். நீதிமன்றத்து வேலையெல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும், தெருவில் வேறு கடை கிடையாது. அப்படித்தான் சின்னவளின் விபத்தை விசாரித்த அதிகாரியின் அறிக்கையும் அவள் மேசைக்கே வந்தது. அறுபத்திரண்டு பக்கம், கையெழுத்தில். அவள் யாரென்று அதிகாரிக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஊருக்கு அனுப்பித் தட்டச்சு செய்வார்கள், ஆறு மாதம் ஆகும் என்று பயம்.

தங்கையின் கையை அவள் எழுத்து எழுத்தாகத் தட்டினாள். மணிக்கட்டுக்கு மேல் எத்தனை அங்குலம், எலும்பு எந்தக் கோணத்தில் நொறுங்கியது, எல்லாம். இருபத்தாறாம் பக்கம் தாண்டியதும் நாலு பக்கத்துக்கு ஒரு பெரிய அட்டவணை வந்தது. ஆலையின் மெக்கானிக் தினமும் எழுதி வைத்த பதிவேடு. நாள், ஷிப்ட், மெஷின், எண்ணெய், பெல்ட், கிளட்ச், பிரேக், இடது பொத்தான், வலது பொத்தான், யாரிடம் சொல்லப்பட்டது, கையெழுத்து. பதினொரு கட்டம், மூன்று மெஷின், பத்தொன்பது நாள்.

இரண்டாம் மெஷின் வரிசையில் அவள் விரல் நின்றது. 'வலது பொத்தான்: டேப் சுற்றி அமுக்கி வைக்கப்பட்டுள்ளது. ஃபோர்மேனிடம் சொல்லப்பட்டது.'

அந்த மாதிரி பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான் உண்டாம். இரண்டு கையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் தலை இறங்கும், கை உள்ளே மாட்டவே மாட்டாது. ஒன்றை டேப் சுற்றி நிரந்தரமாக அமுக்கி வைத்துவிட்டால் ஒரு கை அமுக்கலாம், மறு கை தகடு வைக்கலாம். முந்நூறு அடி நானூற்றிருபது ஆகும். சின்னவள் அந்த மெஷினுக்கு வந்தது பத்தொன்பது நாளுக்கு முன்புதான். அவளைப் பொறுத்தவரை அந்த மெஷினுக்கு ஒரே பொத்தான். இன்னொன்று வெறும் கறுப்பு முண்டு.

அவள் தூங்கவில்லை. இதுதான் அந்த நாலு பக்கத்தில் இருந்தது.

உடனே வீட்டுக்கு ஓடிச் சொல்லியிருக்கலாம்தான். பெரியவள் யோசித்தாள். நான் சொன்னால் அது அக்கா சொன்னது, அண்ணன் ஒன்று சொன்னான் அக்கா ஒன்று சொன்னாள் என்று ஆகிவிடும். அண்ணன் பக்கம் தராசு எப்போதும் தாழும். முத்திரை போட்ட காகிதம் நீதிமன்றத்தில் வாய் திறந்து சொல்லட்டும், அப்போது நம்புவாள். இப்படி நினைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

இங்கேதான் பக்க எண் சமாச்சாரம் வருகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், கஷ்டம் ஒன்றுமில்லை.

மற்ற பக்கமெல்லாம் நிற்கிற பக்கம். பதினொரு கட்டத்து அட்டவணை அதில் அடங்காது, தாளைப் படுக்கப் போட வேண்டும். நாலு பக்கம் பதிவேடு, அடுத்த இரண்டு பக்கம் ஆலையின் வரைபடம், ஆக ஆறு படுத்த பக்கம். படுத்த பக்கத்தில் எண் தன் பாட்டுக்குக் கீழே விழும். புத்தகமாகக் கட்டினால் அது பக்கவாட்டில் போய்விடும். அதிகாரி அதற்குச் சம்மதிக்கவில்லை. "புக்கை நிமிர்த்திப் பிடிச்சா எல்லா நம்பரும் ஒரே மூலையில இருக்கணும்மா. தலையச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பார்க்க நான் என்ன கோழியா?" என்றார்.

பெரியவள் யாரிடமும் படித்தவள் இல்லை, தடவித் தடவிக் கற்றவள். படுத்த பக்கங்களுக்கு முன்னும் பின்னும் கம்ப்யூட்டரில் பிரிவு போட்டுத் தனிப் பகுதியாக்கினாள், முந்தைய பகுதியோடு இருந்த தொடுப்பை அறுத்தாள், அடியில் இருந்த எண்ணை அழித்தாள். குட்டை ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டி வரைந்து, எழுத்தைத் திருப்பி, எண்ணைக் கையால் அடித்தாள். 27, 28, 29, 30, 31, 32. நிற்கிற பக்கங்களுக்குக் கம்ப்யூட்டர் தானாக எண்ணிக்கொள்ளும். படுத்த பக்கங்களுக்கு அவள் அடித்ததுதான் எண், அது அசையாது. அந்தப் பெட்டிக்குள்ளும் தானாக எண்ணிக்கொள்ள வைக்க வழி உண்டு. அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

அதிகாரி எண் போடாத கடைசித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தான் கையால் எழுதிய பிரதியையும் எடுத்துக்கொண்டு மாற்றலாகி வெளியூர் போனார். அந்த வாரமே ஆலையில் மெக்கானிக்கை வேலையை விட்டு நிறுத்தினார்கள். பதிவேடு எண்ணெய்ப் பீப்பாய்க்குள் விழுந்து நாசமானதாகச் சொன்னார்கள். அது எப்படி நடந்து போய்ப் பீப்பாயில் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வழக்கு நாள். காலை பதினொன்றரைக்கு நீதிமன்றத்து பியூன் தெருவைக் கடந்து வந்து கடை வாசலில் நின்றான்.

"டைப்பிஸ்ட்டம்மா, மூணு மணிக்கு உள்ள கூப்பிடறாங்க. நீதிபதியம்மா செம கடுப்புல இருக்காங்க."

"நான் என்ன பண்ணேன்?"

"உங்களுக்கு எண்ணத் தெரியாதாம். ஆலை வக்கீல் சொல்றாரு. இருபத்தாறாம் பக்கத்துக்கு அடுத்து முப்பத்தொண்ணு, முப்பத்திரண்டு, திரும்ப இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொண்ணு. என்ன பல்லாங்குழியா ஆடுறீங்கன்னு நீதிபதியம்மா கேட்டாங்க. டைப்பிஸ்ட் தப்புங்கறாரு வக்கீல். அதை அந்தம்மாவே வந்து சொல்லட்டும், சொல்லிட்டா இன்னைக்கே முடிச்சிடலாம்னு சொல்லிட்டாங்க."

அவன் போனதும் பெரியவள் கம்ப்யூட்டரில் அறிக்கையைத் திறந்தாள். இருபத்தாறு. அடுத்தது ஆலையின் வரைபடம். நடுவில் நாலு பக்கம் இல்லை. பல் பிடுங்கிய ஈறு மாதிரி, இடம் மூடிக்கொண்டிருந்தது. நிற்கிற பக்கங்கள் எல்லாம் சமர்த்தாக நகர்ந்து தங்கள் எண்ணை மாற்றிக்கொண்டிருந்தன. அவள் கையால் அடித்த இரண்டு எண் மட்டும் மாறாமல் நின்றன.

திரும்பிப் பார்த்தாள். கடைக்காரர் ஜெராக்ஸ் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார்."

"நீ தங்கச்சிய ஆஸ்பத்திரிக்குக் கட்டு மாத்தக் கூட்டிட்டுப் போன அன்னைக்கும்மா." அவர் திரும்பாமலே பேசினார். "உங்கண்ணன் வந்தான். அந்த நாலு பக்கத்தை எடுன்னான். முடியாதுன்னேன். என் தலையப் பிடிச்சு இந்தக் கண்ணாடி மேல அமுக்கி, மூடியப் போட்டு மேல உக்காந்துட்டான். லைட்டு இப்படி ஓடுது, அப்படி ஓடுது. என் மூஞ்சியவே ஏழு காப்பி எடுத்தாம்மா. ஏழாவது காப்பியில மூக்கு ரத்தம் விழுந்திருந்துச்சு." துடைத்த துணியை மடித்து வைத்தார். "எடுத்துட்டேன். கையெழுத்துத் தாளை மட்டும் அப்படியே வெச்சு, மத்ததை மறுபடி பிரிண்ட் எடுத்துக் கட்டிக் கொடுத்துட்டேன். நம்பர் தானா மாறிடும்னு நினைச்சேன்."

"மாறல சார்."

"அதான் பாக்குறேன்."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமும் இல்லை, அவர் முகத்தில் இடமும் இல்லை.

இரண்டரை மணிக்கு அண்ணன் வந்தான். ஆலைச் சட்டையோடே வந்திருந்தான். உள்ளே வந்து ஷட்டரைப் பாதி இறக்கினான். தெருச் சத்தம் முழங்கால் வரைக்கும்தான் வந்தது.

"சாப்பிட்டியா?" என்றான்.

"சாப்பிட்டேண்ணா."

"மூணு மணிக்குக் கூப்பிட்டிருக்காங்களாம்."

"ஆமா."

"ஒரே வரி. நம்பரைத் தப்பா அடிச்சிட்டேன், மன்னிச்சுக்குங்க. அவ்வளவுதான். சொல்லிட்டு வந்து உன் வேலையப் பாரு."

"நான் தப்பா அடிக்கலண்ணா."

"அடிக்கலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதானடி சொல்லச் சொல்றேன். எண்ணத் தெரியாதவன்னு பேரு வந்தா உன் தலைல இருக்கிற கிரீடம் இறங்கிடுமா? நான் உள்ள போனா அவளை யாரு பாப்பா? நீயா? நீ நாள் பூரா தட்டித் தட்டிச் சம்பாதிக்கிறது உன் டீத்தண்ணிக்கே காணாது."

"அவகிட்ட ஏன் தூங்கிட்டன்னு சொன்ன?"

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"அவ இப்போ தூங்குறதே இல்லண்ணா. கிள்ளிக் கிள்ளி உக்காந்திருக்கா. வந்து பாரு. கை போனதுக்கு மருந்து போட்டுட்டாங்க. நீ போட்ட அந்த ஒரு வார்த்தைக்கு நான் எங்க போய் மருந்து வாங்குறது?"

முதல் அறை காதோடு விழுந்தது. நாற்காலி சாய்ந்து அவள் தரையில் கிடந்தாள். அவன் கீபோர்டைத் தூக்கி அவள் தலையில் அடித்தான். அது இரண்டாக முறிந்து எழுத்துப் பொத்தான்கள் அறை முழுக்கச் சிதறின. நெற்றி கிழிந்து ரத்தம் இமை மேல் வழிந்தது. கூந்தலைப் பிடித்துத் தூக்கி மேசை விளிம்பில் முகத்தை மோதினான். ஒரு பல் நாக்கின் மேல் வந்து விழுந்தது.

"சொல்லுவியா?"

"மாட்டேன்."

"சொல்லுவியா?"

வாய் நிறைய ரத்தம், அவளால் பேச முடியவில்லை. தலையை இல்லையென்று ஆட்டினாள்.

"தம்பி, வேணாம் தம்பி, பொம்பளைப் புள்ள தம்பி," என்று கடைக்காரர் மூலையில் புலம்பினார். "நீ உக்காரு" என்றான் அண்ணன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

மேசை மேல் கட்டு தைக்கிற குத்தூசி இருந்தது, மரப்பிடி போட்டது. அவள் கை அதைத் தேடிப் பிடித்தது. அண்ணனின் தொடையில் பிடி வரைக்கும் இறக்கினாள். அவள் வாழ்நாளில் அவனைத் திருப்பித் தொட்டது அது ஒன்றுதான். அவன் மாடு மாதிரி கத்தினான். ஊசியைப் பிடுங்கி எறிந்தான். அதற்கு அப்புறம் அவன் முகத்தில் அண்ணன் இல்லை.

அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டுபோய்க் காகிதம் வெட்டும் மெஷின் முன்னால் நிறுத்தினான். ஒரு கட்டுத் தாளை ஒரே வீச்சில் வெட்டுகிற மின்சாரக் கத்தி அது, முழங்கை நீளம். அவள் வலது கையைக் கத்திக்குக் கீழே திணித்து, மணிக்கட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையால் பொத்தானை அமுக்கினான். கத்தி அசையவில்லை. இன்னொரு தடவை அமுக்கினான்.

அப்போதுதான் பார்த்தான். அதற்கும் இரண்டு பொத்தான். அவனுக்கு இருப்பதோ ஒரு கை, மறு கை தங்கையைப் பிடித்திருக்கிறதே.

"யோவ், இங்க வந்து இதை அமுக்கு."

கடைக்காரர் இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டார். "என்னைக் கொன்னாலும் அமுக்க மாட்டேன் தம்பி" என்றார். இதைச் சொல்லும்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

அண்ணன் அவளை முழங்காலால் மெஷினோடு நெருக்கினான். முழங்கையால் அவள் கையை அழுத்திக்கொண்டான். மேசையில் கிடந்த டேப்பை எடுத்தான். பொத்தானை அமுக்கிப் பிடித்து, மூன்று சுற்று சுற்றி, நுனியை மடித்துக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தான். எவ்வளவு வேகம், எவ்வளவு சுத்தம். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை மாதிரி. பெரியவள் ரத்தம் வழிகிற கண்ணால் அதைப் பார்த்தாள். பத்தொன்பது நாள் ஒரு மெக்கானிக் எழுதி எழுதி ஓய்ந்துபோன விஷயத்தை, எந்தப் பதிவேடும் இல்லாமல், ஒரு சாண் தூரத்தில் பார்த்தாள்.

"இப்படித்தான் சுத்தினியா?" என்றாள்.

அவன் மற்றப் பொத்தானை அமுக்கினான்.

கத்தி இறங்குகிற சத்தத்தைவிட, கடைக்காரர் சுவரிலிருந்து பிளக்கைப் பிய்த்த சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பிளக்கோடு சுவர்ப் பூச்சும் பெயர்ந்து வந்தது. கத்தி பாதியில் நின்றது. அதற்குள் அவள் கையை இழுத்திருந்தாள், முழுசாக இல்லை. சுண்டு விரலின் நுனியும் பக்கத்து விரலின் நுனியும், நகம் வரைக்கும், கத்திக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தாள் துணுக்குகளுக்கு நடுவில் கிடந்தன.

அண்ணன் அதைப் பார்த்தான். அவன் வாய் தன்னாலே சொன்னது: "கைய மேல தூக்கிப் பிடி. ரத்தம் நிக்கும்."

சின்னவளைத் தூக்கிக்கொண்டு ஓடும்போதும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

பிறகு அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "மெஷின்ல நீயே மாட்டிக்கிட்டன்னு சொல்லு. நம்பர் தப்புன்னு சொல்லு. இல்லன்னா சாயந்திரம் அவளைப் போய்ப் பாக்குறேன்" என்றான். தொடையைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே ஷட்டருக்குக் கீழே குனிந்து வெளியே போனான்.

கடைக்காரர் தன் தோள் துண்டைக் கிழித்து அவள் கையைச் சுற்றினார். "ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா. ஒட்ட வெச்சிடுவாங்க. சீக்கிரம் போனா ஒட்ட வெச்சிடுவாங்களாம்."

பெரியவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றுக்கு எட்டு நிமிஷம் இருந்தது.

"நீங்க அதை ஐஸ்ல போட்டு வைங்க சார். நான் வந்துடறேன்."

நீதிமன்ற அறை சின்னது. நாலு பெஞ்சு, ஒரு மின்விசிறி, உயரத்தில் நீதிபதியம்மா. முன் பெஞ்சில் சின்னவள், சட்டையின் வலது கையை மடித்து ஊக்குக் குத்திக்கொண்டு, கிள்ளின தொடையின் மேல் இடது கையை வைத்துக்கொண்டு. கதவோரம் அண்ணன். ஆலை வக்கீல் கட்டை விரலால் அறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்தார். பெரியவள் உள்ளே வந்ததும் அத்தனை பேரும் மூச்சை இழுத்தார்கள்.

"அக்கா," என்று எழுந்தாள் சின்னவள்.

"உக்காரு," என்றாள் பெரியவள்.

"என்னம்மா இது கோலம்?" என்றார் நீதிபதியம்மா. "உட்காருங்க முதல்ல. யாராவது டாக்டரைக் கூப்பிடுங்க."

"கூப்பிடுங்கம்மா. அவர் வர்றதுக்குள்ள சொல்லிடறேன்." உதடு வீங்கியிருந்தது, ஒவ்வொரு சொல்லும் ரத்தத்தில் நனைந்து வந்தது. "பக்க எண் தப்பில்ல. நடுவுல நாலு பக்கத்தை எடுத்துட்டாங்க. படுத்த பக்கத்துக்கு எண் நான் கையால அடிச்சேன், அதனால அது மட்டும் நகரல. மத்தது எல்லாம் தானா நகர்ந்துடுச்சு."

வக்கீல் எழுந்தார். "கனம் நீதிபதி அவர்களே, இந்தம்மா தன் தவறை மறைக்க..."

"அந்த நாலு பக்கத்துல என்ன இருந்துச்சு?" என்றார் நீதிபதியம்மா, அவர் பக்கம் திரும்பாமலே.

"சொல்றேன். தட்டினது மறக்காது."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விசைப்பலகை முன்னால் இருப்பது போல் நல்ல கை விரல்கள் காற்றில் அசைந்தன.

"மூணாந் தேதி. காலை ஷிப்ட். மெஷின் ரெண்டு. எண்ணெய் சரி. பெல்ட் சரி. கிளட்ச் சரி. பிரேக் சரி. இடது பொத்தான் சரி. வலது பொத்தான், டேப் சுற்றி அமுக்கி வைக்கப்பட்டுள்ளது. ஃபோர்மேனிடம் சொல்லப்பட்டது. நாலாந் தேதி. காலை ஷிப்ட். மெஷின் ரெண்டு. எண்ணெய் சரி. பெல்ட் தளர்ச்சி. வலது பொத்தான், டேப். ஃபோர்மேனிடம் சொல்லப்பட்டது. அஞ்சாந் தேதி..."

அறையில் அந்தக் குரலும் மின்விசிறியும் மட்டும். தேதி ஏற ஏற வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார். எழுத்தர் பேனாவை எடுத்தார். துண்டையும் மீறி ரத்தம் சொட்டுச் சொட்டாக அவள் காலடியில் விழுந்தது. பத்தொன்பது நாளையும் அவள் சொன்னாள். ஒன்றையும் விடவில்லை.

"இருபத்தொண்ணாந் தேதி. செவ்வாய். மெஷின் ரெண்டு. வலது பொத்தான், டேப். ஃபோர்மேனிடம் சொல்லப்பட்டது. எடுக்க முடியாது, உற்பத்தி குறையும் என்றார்." கண்ணைத் திறந்தாள். "இதுக்குக் கீழ மெக்கானிக் கையெழுத்து. எழுதின நேரம் காலை எட்டு. அதுக்கு மூணு மணி நேரம் பத்து நிமிஷம் கழிச்சுதான் என் தங்கச்சி கை."

"அதிகாரியைக் கையெழுத்துப் பிரதியோட வரவழைக்கிறேன்," என்றார் நீதிபதியம்மா. "இவங்க சொன்னதை அப்படியே பதிவு பண்ணுங்க. கதவைச் சாத்துங்க."

கதவைச் சாத்தப் போன பியூனைத் தள்ளிக்கொண்டு அண்ணன் பாய்ந்தான். வெளியே ஓடவில்லை, உள்ளே பாய்ந்தான், பெரியவளை நோக்கி. பெஞ்சு கவிழ்ந்தது. கழுத்தைப் பிடித்துவிட்டான். "வளத்தேன்டி உங்களை. சோறு போட்டு வளத்தேன்டி" என்று கத்திக்கொண்டே நெரித்தான். பியூனும் இரண்டு காவலரும் சேர்ந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஊசி குத்திய காலில் ஒருவர் உதைத்ததும் மண்டியிட்டான். கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள்.

சின்னவள் இவ்வளவு நேரமும் எழுந்த இடத்திலேயே நின்றிருந்தாள்.

"நான் தூங்கலையாக்கா?"

பெரியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். "நீ தூங்கலம்மா."

"ரெண்டு பொத்தானா இருந்துச்சு?"

"ரெண்டு."

சின்னவள் நடந்து வந்தாள். மண்டியிட்டிருந்த அண்ணனின் முகம் அவள் இடுப்பு உயரத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். அவன், "பாப்பா" என்றான். அவளைச் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவான்.

இடது கையால் அவள் அடித்தாள். பழகாத கை, முதல் அடி குறி தவறிக் காதில் உரசிப் போயிற்று. இரண்டாவது மூக்கில் விழுந்தது. மூன்றாவதில் அவன் உதடு பிளந்தது. காவலர்கள் அவன் கையைத்தான் பிடித்திருந்தார்கள், அவள் கையைப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. நீதிபதியம்மா குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார், எழுதி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. நாலு, ஐந்து, ஆறு. பிரஸ்ஸில் நிற்கிற மாதிரி, கால்களை அகட்டி, ஒரே சீராக அடித்தாள். அவன் முகம் அடையாளம் தெரியாமல் போயிற்று, அவளுடைய விரல் முட்டிகளும் தோல் கிழிந்தன.

பெரியவள்தான் போய் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்தாள்.

"போதும்டி," என்றாள். "இருக்கிறது ஒரு கை. அதையும் நோகடிச்சுக்காத."